பினாங்கில் படிக்கப் போகிறவருக்கு: எந்தக் கடையில் சாப்பிடலாம், எந்தக் கடலில் இறங்கலாம்

முதுகலைப் படிப்புக்கு மலேசியாவின் பினாங்குக்குப் போகப் போகிறீர்கள். வார இறுதியில் கடலில் குளிக்க வேண்டும், தெருக்கடைகளில் ஆசை தீரச் சாப்பிட வேண்டும் என்கிறீர்கள். 'ரோட்டுக் கடையில் வாயை வைக்காதே, வயிறு கெட்டால் அங்கே யார் பார்ப்பார்கள்' என்று அம்மா சொல்கிறார். அதனால் பாதுகாப்பான கடைகளுக்கும் கடற்கரைகளுக்கும் ஒரு பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கொடுத்தால் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். புது ஊரில் எதை நம்புவது, எதற்கு அஞ்சுவது என்று நீங்களே பார்த்து முடிவு செய்யத் தெரிவதுதான் உங்களுக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் உணவு நுண்ணுயிரியல் படித்தவன், அதையே பாடமாக நடத்தியவன். பினாங்கில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மருத்துவன் அல்ல, ஆகவே ஊசி, மருந்து பற்றி நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பயத்தில் பாதியைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக் கடல் பக்கம் வையுங்கள். கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் இரண்டு நாள் படுக்கையோடு போய்விடும். கடல் அப்படி மன்னிக்காது.

சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். பினாங்கின் தெருக்கடைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பதார்த்தத்தை மட்டும் செய்பவை. நூடுல்ஸ் வறுப்பவர் காலமெல்லாம் அதை மட்டுமே வறுப்பார். மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான லக்சா விற்கும் கடையில் லக்சா மட்டும்தான். அந்தக் கைப்பக்குவம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்திருக்கும். ஃபுஜியானிலிருந்தும் தியோச்சியூ ஊர்களிலிருந்தும் வந்த சீனர்கள், மலாய்க்காரர்கள், நம் கடற்கரை ஊர்களிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் என்று எல்லோரும் சேர்ந்து வளர்த்த சமையல் அது. துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சோறும் குழம்பும் காவடியாகத் தோளில் சுமந்து விற்றதில் பிறந்ததுதான் நாசி கண்டார். லெபோ கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா 1907-இலிருந்து நடந்து வருகிறது. அங்காடிச் சாப்பாட்டை உள்ளூர்க்காரர்கள்தான் சமைக்க வேண்டும் என்று மாநில அரசு 2016-இல் விதியே கொண்டுவந்தது. அவ்வளவு அக்கறையாகப் பார்க்கும் ஊரில் போய் விடுதி கேன்டீனில் மட்டும் சாப்பிட்டுத் திரும்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சட்டமும் ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறது. மலேசியாவில் உணவைக் கையாளுகிறவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், சுகாதாரப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். கடைகளுக்கு நகராண்மைக் கழகம் ஏ, பி, சி என்று தரம் கொடுக்கும். அந்த அட்டை சுவரில் மாட்டியிருக்கும். சட்டம் இருப்பது உறுதி. ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு நாளும் அதன்படி நடக்கிறதா என்பதை அட்டை சொல்லாது. அதற்கு உங்கள் கண்தான் வேண்டும்.

கண் எங்கே போக வேண்டும் என்பதற்கு, சார் குவே தியாவ் என்ற நூடுல்ஸ் வறுவல் செய்யும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நல்ல கடையில் ஒரு நேரத்துக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டுதான் வறுப்பார்கள். கரி அடுப்பில் இரும்புச் சட்டி புகையும் வரை காயும். பன்றிக் கொழுப்பு, பூண்டு, இறால், தட்டையான அரிசி நூடுல்ஸ், சோயா, மிளகாய் விழுது என்று வரிசையாக விழும். பிறகு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, காலியான நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி உறையும்போது நூடுல்ஸை அதன் மேல் புரட்டுவார். மொறுமொறுவென்று முளைப்பயறு, பூண்டு வாசமுள்ள குச்சாய் தழை, கடைசியாக ஒரு கை மட்டிச் சதை. நான்கு புரட்டு, தட்டில் கொட்டிவிடுவார். இறாலும் முட்டையும் நூடுல்ஸும் பட்ட அந்த வெப்பத்தில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி பெரும்பாலும் மிஞ்சாது. உங்கள் கண்ணெதிரே தீயில் வெந்து ஆவி பறக்கத் தட்டுக்கு வரும் சாப்பாடு, நட்சத்திர ஓட்டலில் காலையிலிருந்து வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும் பஃபே உணவைவிடப் பத்திரமானது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஒன்றே ஒன்று இடிக்கிறது: கடைசியாக விழுந்த அந்த மட்டி. மலாயில் கெராங் என்பார்கள். வெந்தால் ரப்பராகிவிடும் என்பதால் சூடு பட்டதும் எடுத்துவிடுவார்கள்; உள்ளே ரத்தச் சிவப்பு மாறாமல் இருந்தால்தான் அங்குள்ளவர்களுக்கு ருசி. மட்டி நாள் முழுக்கக் கடல்நீரை வடிகட்டித்தான் உயிர் வாழ்கிறது. அந்த நீரில் கழிவு கலந்திருந்தால் மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் அதன் உடம்பில் சேரும். அந்த வைரஸ் சாக வேண்டுமென்றால் சதையின் உட்பகுதி 90 டிகிரியில் ஒன்றரை நிமிடம் இருக்க வேண்டும். நான்கு புரட்டில் அது நடக்காது. ஷாங்காயில் 1988-இல் அரைகுறையாக வெந்த மட்டியால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பினாங்கில் ஒரு தட்டு சாப்பிட்டால் உங்களுக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. வராமலே வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் அங்கே ஏராளம். ஆனால் எந்த மட்டியில் இருக்கிறது என்று பார்த்தோ முகர்ந்தோ யாராலும் சொல்ல முடியாது. 'தக் மாவ் கெராங்' (மட்டி வேண்டாம்) என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் பலர் அப்படிக் கேட்பதுதான்.

அடுத்தது நாசி கண்டார். இது வேறு கணக்கு. பெரிய தட்டுகளில் கோழி, மீன் முட்டை, கணவாய், வெண்டைக்காய் என்று அடுக்கியிருக்கும். நீங்கள் கை காட்டியதைச் சோற்றில் வைத்து, நான்கைந்து குழம்புகளைக் கலந்து மேலே ஊற்றுவார்கள். அந்தக் கலவைக்கு நிகரில்லை. ஆனால் சமைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே உள்ள வெதுவெதுப்பில்தான் கிருமிகள் பெருகும். ஆகவே கூட்டம் அலைமோதும் நேரத்தில் போங்கள். தட்டுகள் காலியாகிக் காலியாகி மறுபடி நிரம்பும் நேரம் அது. மதியம் மூன்று மணிக்கு மேல் ஓரத்தில் காய்ந்துபோன மீன் துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

மாணவர்கள் உண்மையில் வயிற்றைக் கெடுத்துக்கொள்வது கடையில் இல்லை, தங்கள் அறையில். மதியம் நாசி கண்டாரைத் தபாவ் செய்து, அதாவது பார்சல் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைப்பது, பாதியைச் சாப்பிடுவது, மீதியை ராத்திரி பத்து மணிக்குச் சூடு பண்ணிச் சாப்பிடுவது. என்னிடம் வந்து 'அந்தக் கடைச் சாப்பாடு சரியில்லை சார்' என்று சொன்ன மாணவர்களைக் கிளறிக் கேட்டால் பாதிப் பேர் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி விதையாக ஒளிந்திருக்கும். கொதித்தாலும் அந்த விதை சாகாது. பினாங்கு வெயிலில் சில மணி நேரம் வைத்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மைக்ரோவேவ் சூட்டுக்கு அசையாது. வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த ஒரு பழக்கம் சாப்பாடு பற்றி நான் சொல்லும் மற்ற எல்லாவற்றையும்விட உங்களுக்கு உதவும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசாம் லக்சா கானாங்கெளுத்தி மீனும் புளியும் சேர்ந்து கொதித்துக்கொண்டே இருக்கும் குழம்பு, தைரியமாகச் சாப்பிடலாம். மேலே தூவும் புதினா, வெள்ளரி, வெங்காயம் பச்சை என்பதால் அந்த இடம் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இறால் சாறு ஊற்றும் ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸுக்கும் இதே கணக்கு. செண்டோல் என்ற ஐஸ் போட்ட இனிப்பில் கவனிக்க வேண்டியது தேங்காய்ப் பால். சட்டென்று புளித்துவிடும், குளிரில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நடுவே ஓட்டையுள்ள குழாய் வடிவ ஐஸ் ஆலையில் தயாராகி வருவது, அதன் நீரைப் பற்றிக் கவலை குறைவு. அதை வெறுங்கையால் அள்ளிப் போடுகிறாரா, கரண்டியாலா என்பதுதான் பார்க்க வேண்டியது. லோக் லோக்கில் கறி, மீன் துண்டுகள் குத்திய குச்சியை நீங்களே கொதிநீரில் முக்குவீர்கள், அவசரப்படாதீர்கள். வெட்டி வைத்த பழத்தைவிட முழுப் பழம் வாங்கி அறையில் வெட்டுவது மேல்.

காரமும் எலுமிச்சையும் கிருமியைக் கொன்றுவிடும் என்று அங்கேயும் சொல்வார்கள், நம் ஊரிலும் சொல்வார்கள். ஒரு தட்டில் போடும் அளவுக்கு அது நடக்காது. நீண்ட வரிசை நல்ல அடையாளம்தான், ஏனென்றால் பொருள் தேங்காது. ஆனால் வரிசையில் நிற்பது காமிரா பிடித்த சுற்றுலாக்காரர்கள் மட்டும் என்றால் அதற்கு அவ்வளவு மதிப்புத் தர மாட்டேன். அலுவலக உடையில் வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள், எதை ஒதுக்குவீர்கள் என்று கேள்வியில் இல்லை. பொதுவாகச் சொல்லி வைக்கிறேன். சீனக் கடை வறுவலில் பன்றிக் கொழுப்பு இருக்கும். நாசி கண்டாரில் மாட்டுக்கறிக் குழம்பும் கலப்பார்கள்; வேண்டாம் என்றால் ஊற்றுவதற்கு முன்பே சொல்ல வேண்டும், கடைக்காரரிடம் பல இடங்களில் தமிழிலேயே சொல்லலாம். காய்கறி வறுவலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். கடலையோ இறாலோ ஒவ்வாமை உள்ளவர் என்றால், ஒரே சட்டியில் எல்லாம் வறுபடும் இந்தக் கடைகளைப் பற்றி நான் மேலே சொன்ன தைரியம் உங்களுக்குப் பொருந்தாது. மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இனி கடல். அதற்கு முன் ஒரு எதிர்பார்ப்பைச் சரிசெய்ய வேண்டும். விளம்பரங்களில் வரும் நீலப் பளிங்குக் கடல் பினாங்கில் கிடையாது. மலாக்கா நீரிணையின் வண்டல் கலந்து பால் ஊற்றிய தேநீர் நிறத்தில்தான் தண்ணீர் இருக்கும். கலங்கல் என்பதால் அசுத்தம் என்று நினைக்க வேண்டாம். வண்டல் வேறு, கழிவு வேறு. பத்து ஃபெரிங்கி என்ற ஊரில் கடற்கரையின் குறுக்கே ஆற்று நீர் வந்து கலக்கிறது. அந்த முகத்துவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போய்க் குளியுங்கள். பெரிய மழை பெய்தால் இரண்டு நாளாவது கடலில் தலை முழுக வேண்டாம். ஊரின் சாக்கடை முழுக்க அப்போதுதான் கடலுக்கு வருகிறது. செப்டம்பர், அக்டோபர் மழை அதிகமான மாதங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். கெர்னி டிரைவ் கடலோரம்தான், ஆனால் மாலையில் நடக்கவும் சாப்பிடவும்தான் அந்த இடம். இறங்கிக் குளிக்க முடியாது. யு.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாணவர் என்றால் வளாகத்திலிருந்து கொம்தார் பஸ் நிலையம் வந்து 101-ஆம் எண் பஸ் ஏறினால் தஞ்சோங் புங்கா, பத்து ஃபெரிங்கி என்ற கடலோர ஊர்கள் வழியாக தெலுக் பஹாங் வரை போகும்.

உங்கள் அம்மா கவலைப்பட வேண்டியது ஜெல்லி மீனுக்கு. சொறிமுட்டை என்று நம் மீனவர்கள் சொல்வது. பினாங்குக் கடலில் பெட்டி வடிவ ஜெல்லி மீன்கள் இருக்கின்றன. மலேசியக் கடலில் அவை தீண்டி ஆள் இறந்திருக்கிறார்கள். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடம்பு, கலங்கிய நீர். பார்த்து விலகலாம் என்று நம்புவதற்கில்லை. இந்த மாதத்தில் வரும், அந்த மாதத்தில் வராது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதை முழுக்க நம்பி இறங்காதீர்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை நல்ல காப்பு, ஏனென்றால் தோலைத் தொட்டால்தான் அதன் கொடுக்குகள் வெடிக்கும். தீண்டிவிட்டால் முதலில் கரைக்கு வர வேண்டும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. சாதாரணச் சமையல் வினிகரை அரை நிமிடத்துக்குக் குறையாமல் தாராளமாக ஊற்றி, அப்புறம் ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். வினிகர் வலியைக் குறைக்காது. இன்னும் வெடிக்காத கொடுக்குகள் வெடிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். வலிக்குச் சுடுநீர் உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது, ஆனால் எல்லா வகை ஜெல்லி மீனுக்கும் ஒரே அளவுக்கு என்று சொல்ல முடியாது. சிறுநீர் ஊற்றும் வைத்தியம் பயனற்றது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தலைசுற்றல் எதுவானாலும் 999-க்கு அழையுங்கள்.

நீச்சல் தெரியாது என்றால் இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம், தனியாகவும் வேண்டாம். சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே கூடாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தித்தான் ஆட்கள் களைத்து மூழ்குகிறார்கள். பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். பத்து ஃபெரிங்கியில் ஜெட் ஸ்கிகளும் பாராசூட் இழுக்கும் படகுகளும் பாயும் பகுதியில் குளிக்காதீர்கள். பிற்பகலில் கறுத்து வந்தால் முதல் இடியிலேயே கரையேறிவிடுங்கள். மின்னல் மிகுந்த நாடு அது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான் இறந்தார்கள், பலர் கடற்கரைக்கு வந்தவர்கள். நாகப்பட்டினத்தைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை: கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேடேறுங்கள்.

இவ்வளவு சொன்னதால் கடல் பக்கமே போகாதீர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பினாங்கில் மிகப் பிடித்த இடமே தெலுக் பஹாங் தாண்டி இருக்கும் தேசியப் பூங்காதான். காட்டுக்குள் நடந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு இறங்கலாம். பச்சைக் கடலாமைகள் முட்டையிட வரும் இடம், பாதுகாப்பு மையமும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஏரி. அதில் மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும். அந்தக் கடற்கரை நீந்துவதற்கு ஏற்றதல்ல, உட்கார்ந்து பார்ப்பதற்கு. பையில் சாப்பாட்டை வெளியே தெரிய வைக்காதீர்கள், குரங்குகள் பிடுங்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை போங்கள். நாய், பூனை திரியும் மணலில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழுவின் இளம்புழு தோலுக்குள் புகுந்து நெளிநெளியாகக் கோடு போடும். ஆபத்தில்லை, மருந்தில் சரியாகும், ஆனால் அரிப்பு தாங்காது. செருப்பும் ஒரு பாயும் போதும்.

எல்லாம் பார்த்தும் வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நீங்களாக ஆன்டிபயாடிக் போட வேண்டாம். ரத்தம் கலந்து போனால், காய்ச்சல் சேர்ந்தால், குடித்தது வயிற்றில் தங்காவிட்டால், மூன்று நாளில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் காய்ச்சல், உடம்பு வலி என்றால் அந்த ஊரில் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை ஆகும்வரை பாரசிட்டமால் தவிர ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் தொடாதீர்கள்.

ஊசி விஷயத்தை இந்த வாரமே பாருங்கள். டைபாய்டுக்கு நம் ஊரில் ஒரே தவணை ஊசி கிடைக்கிறது. கிளம்ப இரண்டு வாரமாவது இருக்கும்போது போட்டால்தான் போய் இறங்கும் நேரம் உடம்பு தயாராக இருக்கும். ஹெபடைடிஸ் ஏ ஊசி பெரும்பாலும் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை; முதல் தவணையே நல்ல காப்புத் தரும், இரண்டாவதை விடுமுறைக்கு ஊர் வரும்போது போட்டுக்கொள்ளலாம். சின்ன வயதிலேயே ஹெபடைடிஸ் ஏ வந்து போயிருந்தால் அந்த ஊசியே தேவைப்படாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும், மருத்துவரிடம் கேளுங்கள்.